ஹுவாங் யோங்யூவின் ஆந்தை, குரங்கு, முயல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஹுவாங் யோங்யூ?

1924ல் பிறந்து 2023 ஜூன் 13 அன்று, 99வது வயதில் பெய்ஜிங்கில் இறந்த சீன ஓவியர். துஜியா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர். சொந்த ஊர் ஹூனான் மாகாணத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபெங்ஹுவாங். மரச்செதுக்கு அச்சுக் கலைஞராகத் தொடங்கி, மை ஓவியம், சிற்பம், கவிதை, நாவல், தபால்தலை, சாராய பாட்டில் வடிவமைப்பு வரை கைவைக்காத துறை இல்லை. ஆனால் சீனாவில் தெருவில் போகிற யாரையாவது நிறுத்திக் கேட்டால், "குரங்கு ஸ்டாம்ப் வரைந்த கிழவர்" என்றோ "ஆந்தைக்காரர்" என்றோதான் பதில் வரும். இளைஞராக இருந்தால் "அந்த நீல முயல்" என்று சிரிப்பார். மூன்றுமே விலங்குகள் என்பதைக் கவனியுங்கள்.

1924ல் பிறந்தவரைச் சமகால ஓவியர் என்று சொல்லலாமா?

தாராளமாக. அவர் கடைசியாக வரைந்த தபால்தலை வெளியானது 2023 ஜனவரியில். இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு அது இணையம் முழுக்கச் சண்டையைக் கிளப்பியது. இதைவிடச் சமகாலமாக இருக்க முடியாது.

ஆந்தை விவகாரம் என்பது என்ன? ஒரு ஆந்தைப் படத்துக்காக ஒருவரைத் தண்டிப்பார்களா?

தண்டித்தார்கள். கொஞ்சம் பின்னணி சொன்னால்தான் புரியும்.

மாவோ கிளப்பிவிட்ட அரசியல் களையெடுப்பான கலாச்சாரப் புரட்சி 1966ல் தொடங்கியது. ஹுவாங் அப்போது பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்தில் அச்சுக்கலை ஆசிரியர். அடி, அவமானம், வீட்டைவிட்டு வெளியேற்றம் எல்லாம் நடந்தது. குடும்பத்தோடு ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறைக்குள் தள்ளப்பட்டார். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு ஜன்னலை வரைந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயிலும் பூக்களும். 1970ல் ஹெபெய் மாகாணத்தில் ராணுவப் பண்ணை ஒன்றுக்கு உடல் உழைப்புக்கு அனுப்பப்பட்டு, மூன்று ஆண்டுகள் அங்கே கழித்தார்.

இதற்கிடையில் வெளியுலகில் காற்று மாறியது. அமெரிக்காவோடும் ஜப்பானோடும் உறவு துளிர்க்க, வெளிநாட்டு விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். ஹோட்டல் சுவர்களில் முழக்கப் பலகைகளும் தலைவர் படங்களும் மட்டும் இருந்தால் நன்றாக இருக்காது, மலை, பூ, பறவை என்று கொஞ்சம் கலை வேண்டும் என்று பிரதமர் சௌ என்லாய் நினைத்தார். பண்ணைகளில் பன்றி மேய்த்துக்கொண்டிருந்த ஓவியர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஹுவாங், வூ குவான்ஜொங் உள்ளிட்ட நால்வர் பெய்ஜிங் ஹோட்டலுக்கான மாபெரும் சுவரோவியத்துக்காக 1973ல் யாங்சி நதி நெடுக ஓவியக் குறிப்புகள் எடுக்கக் கிளம்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான், நண்பர் ஒருவர் வீட்டில், நான்ஜிங் ஓவியர் சொங் வென்ஜியின் ஆல்பத்தில் நினைவுக்காக ஒரு ஆந்தை வரைந்து கொடுத்தார். நண்பர்கள் ஒருவருக்கொருவர் ஆல்பத்தில் படம் போட்டுத் தருவது சீனத்தில் பழைய வழக்கம். ஆந்தை கிளையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண் திறந்திருக்கிறது, ஒரு கண் மூடியிருக்கிறது. அவ்வளவுதான் படம்.

1974ல் சௌ என்லாயைக் குறிவைத்து, மாவோவின் மனைவி ஜியாங் சிங்கின் குழு ஒரு கண்காட்சி நடத்தியது. ஹோட்டல்களுக்காக வரைந்த படங்களையும் அங்கே இங்கே கைப்பற்றிய படங்களையும் பெய்ஜிங் தேசிய கலை அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டு, 'கருப்பு ஓவியங்கள்' என்று பெயர் வைத்தார்கள். மக்களை வரவழைத்துத் திட்ட வைப்பதற்கான கண்காட்சி அது. ஆந்தை அதில் முக்கியக் குற்றவாளி. குற்றச்சாட்டு: ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பது சோஷலிசத்தின் மீதும் கலாச்சாரப் புரட்சியின் மீதும் உள்ள வெறுப்பின் அடையாளம்.

"ஆந்தை ஒற்றைக் கண்ணைத் திறந்து ஒற்றைக் கண்ணை மூடுவது அதன் இயல்புதானே" என்று மாவோவே சொன்னதாகவும், அதோடு விவகாரம் தணிந்ததாகவும் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. பறவையியல் பக்கமிருந்து பார்த்தாலும் அதில் தப்பில்லை. மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டு ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பது சில பறவைகளின் பழக்கம். வாத்துகளில் இதை ஆராய்ச்சியிலேயே நிறுவியிருக்கிறார்கள்.

பிற்பாடு நடந்தது இன்னும் விசித்திரம். மாவோ இறந்து 1977ல் தியானன்மென் சதுக்கத்தில் நினைவு மண்டபம் கட்டியபோது, முன்கூடத்தில் மாவோவின் வெண்பளிங்குச் சிலைக்குப் பின்னால் தொங்கும் சுமார் 24 மீட்டர் நீளத் திரைச்சீலைக்கு மலைக்காட்சி வரைந்து தரும் பொறுப்பு, இதே ஆந்தைக்காரரிடம் வந்தது. 2024ல் அவருடைய நூற்றாண்டை ஒட்டிக் கடைசிக் காலப் படங்களைக் காட்டியதும் 'கருப்பு ஓவியங்கள்' தொங்கிய அதே கலை அருங்காட்சியகத்தில்தான்.

அந்தக் கண்காட்சியில் வேறு விலங்குகளும் மாட்டினவா?

மாட்டின. விளக்கங்களைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

சொங் சிஷியாங் வரைந்த மூன்று புலிகள்: 'மூன்று' என்பதற்கான கோடுகளையும் 'புலி' என்ற எழுத்தையும் சேர்த்தால் லின் பியாவ் பெயரில் வரும் 'பியாவ்' எழுத்து கிடைக்கும். லின் பியாவ் 1971ல் நாட்டைவிட்டு ஓடும்போது விமான விபத்தில் இறந்து, துரோகி என்று முத்திரை குத்தப்பட்டவர். ஆக, புலி வரைந்தவர் துரோகியின் ஆதரவாளர். சென் தாயூ வரைந்த சேவல், வசந்தத்தை வரவேற்கும் படம் என்று தலைப்பு. கழுத்துச் சிறகு சிலிர்த்திருந்ததால் அது வரவேற்கவில்லை, கோபத்தில் இருக்கிறது என்றார்கள். லி குச்சான் பறவைகளுக்குப் பேர்போனவர், அவர் தாமரையில் மாட்டினார்: எட்டுப் பூக்கள் இருந்தன, ஜியாங் சிங் வளர்த்த 'முன்மாதிரி' மேடைப் படைப்புகளும் எட்டு, எனவே கேலி.

சரி, உண்மையைச் சொல்லுங்கள். ஹுவாங்கின் ஆந்தையில் அரசியலே இல்லையா?

அந்தக் குறிப்பிட்ட படத்தில் இல்லை என்பதுதான் என் கட்சி. அவர் அதற்கு முன்பும் பின்பும் ஏராளமான ஆந்தைகள் வரைந்திருக்கிறார். அவருக்குப் பிடித்த பறவை அது, அந்த முழி பிடித்திருந்தது.

ஆனால் அப்பாவி என்றும் சொல்லிவிட முடியாது. 1960களின் நடுவில், ஹெபெய் கிராமம் ஒன்றுக்கு அரசியல் இயக்க வேலைக்காக அனுப்பப்பட்டிருந்தபோது, விலங்குகளைப் பற்றி ஒருவரி இருவரிகளாக ஒரு கொத்து எழுதினார். ஒவ்வொரு விலங்கும் தன்னைப் பற்றித் தானே பேசும். நத்தை, கொஞ்சநஞ்ச சேமிப்புக்காக நடமாட்டம் முழுவதையும் இழந்துவிட்டேன் என்று புலம்பும். குரங்கு, நான் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் குரங்கு என்றே கூப்பிடுகிறார்கள் என்று நொந்துகொள்ளும். ஆந்தை சொல்வது இது: பகலில் வாயில் வந்தபடி என்னைச் சபிக்கிறார்கள், இரவில் நான் அவர்களுக்காகத்தான் உழைக்கிறேன். சீன மரபில் ஆந்தை கெட்ட சகுனம், பெற்ற தாயையே தின்னும் பறவை என்றுகூட ஒரு பழங்கதை உண்டு. அப்படிப்பட்ட பறவைக்கு வக்காலத்து வாங்கியவர் இவர். 1966ல் இந்த வரிகளே அவருக்கு எதிரான சாட்சியமாயின. அதாவது, படத்தில் ஆந்தை சிக்குவதற்கு எட்டு ஆண்டு முன்பே எழுத்தில் ஆந்தை சிக்கியிருந்தது.

எனவே, படங்கள் மறைமுகச் செய்தி அல்ல. அவருடைய விலங்குகள் சின்னங்களாக நிற்பதில்லை, ஆட்களாக நிற்கின்றன. சொந்தக் குணமும் சொந்தக் குறையும் உள்ள ஆட்கள். எல்லோரும் ஒரே முகத்தோடு இருக்க வேண்டும் என்று கட்டளை இருந்த காலத்தில் அதுவே போதுமான குற்றமாக இருந்தது.

யாரிடம் ஓவியம் கற்றார்?

கல்லூரியில் இல்லை. பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, ஃபூஜியன் கடற்கரையில் இருக்கும் ஜீமெய் பள்ளியில் சேர்ந்தார். சிங்கப்பூர் ரப்பர் வணிகர் டான் கா கீ தன் சொந்த ஊரில் நிறுவிய பள்ளி அது. படிப்பில் ஒவ்வொரு வகுப்பிலும் தங்கித் தங்கி, நூலகத்தில் மட்டும் குடியிருந்தார். ஜப்பானியப் போர் வந்ததும் பள்ளியும் போயிற்று. பீங்கான் பட்டறையில் கூலி, நாடகக் குழுவில் வேலை, பள்ளி ஆசிரியர் என்று அலைந்துகொண்டே மரம் செதுக்கினார்.

அவரை வடிவமைத்தவை என்று நான் முக்கியமாக நினைப்பது நான்கு.

முதலாவது ஊர். ஃபெங்ஹுவாங்கில் தாளைக் கத்தரித்துச் செய்யும் சித்திரங்கள், புத்தாண்டு அச்சுப் படங்கள், முகமூடிக் கூத்து, பொம்மலாட்டம் எல்லாம் கண்முன் நடந்துகொண்டிருந்தவை. அப்பா இசையும் ஓவியமும் தெரிந்த பள்ளி ஆசிரியர். அடர்ந்த சிவப்பு, நீலம், கருப்பு, எதையும் தயங்காமல் பெரிதாக்கும் துணிச்சல் ஆகியவை அங்கிருந்து வந்தவை. மை ஓவிய மேட்டுக்குடி ரசனையில் இந்த நிறங்களுக்கு இடமில்லை. சின்ன வயதில் சேட்டை செய்துவிட்டுப் பாட்டி வீட்டுக் குளத்தில் ஒரு மரத்தொட்டிக்குள் ஒளிந்துகொண்டு, தாமரை இலைகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய தாமரைகள் தவளையின் கண் உயரத்திலிருந்து தெரிவதற்கு இதுதான் காரணம் போலும்.

இரண்டாவது மரச்செதுக்கு இயக்கம். எழுத்தாளர் லூ ஷுன் 1930களில் ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் போன்றோரின் அச்சுகளைச் சீன இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தி, ஏழை நாட்டுக்கு ஏற்ற கலை இதுதான் என்று ஊக்கப்படுத்தினார். ஒரு பலகை, ஒரு கத்தி, கொஞ்சம் மை போதும். ஹுவாங் அந்த அலையின் பின்வரிசைப் பையன். 1950களில் யுன்னான் மாகாணத்து மலைமக்களின் காவிய நாயகி அஷிமாவுக்கு அவர் செதுக்கிய வண்ண அச்சுகள்தான் முதலில் பெயர் வாங்கித் தந்தன.

மூன்றாவது கேலிச்சித்திரம். ஷாங்ஹாயின் தெருப்பையன் சன்மாவைப் படைத்த ஜாங் லெபிங் மீது அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பக்தி. ஒரு கோட்டில் ஒரு ஆளின் குணத்தைப் பிடிக்கும் வித்தையை அங்கிருந்து எடுத்தார். விமர்சகர்கள் இந்தப் பாதிப்பை அவ்வளவாகப் பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும்.

நான்காவது ஒரு எழுத்தாளர்: ஷென் சொங்வென். ஹுவாங்கின் அப்பாவுக்கு அத்தை மகன், நம் முறையில் மாமா. ஹாங்காங்கில் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹுவாங்கை 1953ல் பெய்ஜிங்குக்கு வரச் சொன்னவர் அவர்தான். அரசியல் காரணமாக நாவல் எழுதுவதையே நிறுத்திவிட்டு, அருங்காட்சியகத்தில் பழைய துணிகளையும் ஆடைகளையும் ஆராய்ந்துகொண்டு அமைதியாக வாழ்ந்த மனிதர். சத்தம் போடாமல் தாக்குப்பிடிப்பதை ஹுவாங் அவரிடம் பார்த்திருக்க வேண்டும். ஃபெங்ஹுவாங்கில் ஷென்னின் கல்லறை அருகே ஒரு கல்லில் ஹுவாங்கின் வாசகம் இருக்கிறது: ஒரு போர்வீரன் போர்க்களத்தில் மடிய வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும்.

சி பைஷீயிடம் கற்றதில்லையா? பக்கத்தில்தானே இருந்தார்கள்?

இறாலுக்குப் பேர்போன மூத்த மை ஓவியர் சி பைஷீயைப் பார்த்திருக்கிறார். பெய்ஜிங்கில் ஹுவாங் குடியிருந்த வளாகத்திலேயே சி பைஷீயின் சீடர் லி கெரான் இருந்தார், அவர்தான் கிழவரிடம் அழைத்துப் போனார். ஹுவாங் சி பைஷீயின் முகத்தை மரத்தில் செதுக்கி அச்செடுத்திருக்கிறார். தாடியின் ஒவ்வொரு இழையும் தெரியும் அழகான அச்சு. ஆனால் சீடராகவில்லை. இறால், நண்டு, தவளை என்று சின்ன உயிர்களைப் பெரிய மரியாதையோடு வரையலாம் என்ற அனுமதியை வேண்டுமானால் அங்கிருந்து பெற்றிருக்கலாம். தூரிகை முறை வேறு.

முறை வேறு என்றால் எப்படி? பார்வைக்கு இரண்டுமே தாளில் மை தானே?

சி பைஷீயின் இறாலைச் சுற்றி ஒன்றுமே இருக்காது. வெற்றுத் தாள்தான் தண்ணீர். மை ஓவியத்தின் பழைய அழகே அந்த வெற்றிடம்.

ஹுவாங் அந்த வெற்றிடத்தை நம்பாதவர். பல படங்களில் பின்னணியை மூலைவரை நிரப்பிவிடுவார், தாமரைப் படங்களில் பெரும்பாலும் இருட்டு நிறத்தால். மரத்தைச் செதுக்கும்போது பலகை முழுக்கக் கருப்பு, கத்தி பட்ட இடம் வெளிச்சம். அந்தக் கை, தூரிகை பிடித்தபிறகும் கருப்பிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டியே எடுத்தது. விலங்குகளின் ரோமத்தில் இது நன்றாகத் தெரியும்: மை கசிந்து பரவும் மென்மை ஒரு பக்கம், அதன் மேலேயே கத்தி கிழித்த மாதிரி விறைப்பான கோடுகள் இன்னொரு பக்கம்.

மரபுவாதிகள் இது மை ஓவியமே இல்லை என்றார்கள். அவர் ஒத்துக்கொண்டார். தான் வரைவதைச் சீன மரபு ஓவியம் என்று யாராவது சொன்னால் வழக்குப் போடுவேன் என்று வேடிக்கையாகச் சொல்வார்.

படத்தில் ஏன் இவ்வளவு எழுதிவைக்கிறார்?

படத்தில் கவிதை எழுதுவது சீனாவில் ஆயிரம் ஆண்டு வழக்கம். மலைக்கு மேலே ஒரு நாலுவரிச் செய்யுள், கீழே சிவப்பு முத்திரை. ஹுவாங் அந்த இடத்தைக் கைப்பற்றித் தெருப்பேச்சை வைத்தார். ஒரு பறவைப் படத்தில்: "பறவை நல்ல பறவைதான், பேச்சுத்தான் அதிகம்." ஒரு எலிப் படத்தில்: "நான் அசிங்கம், எங்கம்மாவுக்குப் பிடிக்கும்." எழுத்தை மூடிவிட்டுப் பார்த்தால் எலி சுமாரான எலி. எழுத்தோடு பார்த்தால் அதன் காதும் மூக்கும் வேறு மாதிரி தெரிகிறது.

எல்லாமே இப்படி அமையவில்லை. கடைசி இருபது ஆண்டுகளில் நகைச்சுவை முந்திக்கொண்டு படம் பின்தங்கிய இடங்கள் நிறைய. சீனாவில் ஆண்டுக்கு ஒரு விலங்காகப் பன்னிரண்டு ஆண்டு ராசிச் சுற்று உண்டு. அந்த ராசி ஆண்டு ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு படமாகப் பன்னிரண்டு வரைந்து, பன்னிரண்டு விலங்குகளையும் முடித்தார். வேகமும் விளையாட்டும் பிடிக்கிறவர்களுக்கு அது விருந்து. எனக்கு 1970களின் ஆந்தைகளில் உள்ள இறுக்கம்தான் பிடிக்கிறது.

குரங்கு ஸ்டாம்ப் ஏன் அவ்வளவு பிரபலம்?

சீன அஞ்சல் துறையின் முதல் ராசி ஆண்டுத் தபால்தலை அது. 1980 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் வெளியானது. முகமதிப்பு 8 ஃபென் (நூறு ஃபென் ஒரு யுவான்), அதாவது வெளியூர்க் கடிதம் அனுப்பும் அளவு காசு. குங்குமச் சிவப்புப் பின்னணியில் ஒரு கருங்குரங்கு உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறது. ஷாவ் பைலின் வடிவமைத்தார், ஜியாங் வெய்ஜியே உலோகத் தகட்டில் ஒவ்வொரு ரோமமாகச் செதுக்கினார். விரலால் தடவினால் ரோமம் தட்டுப்படும்.

ஹுவாங் அதை வரைந்ததற்குத் தேசியக் காரணம் எதுவும் இல்லை. அவர் வளர்த்த ஒரு குட்டிக் குரங்கு இறந்துபோயிருந்தது. அதன் நினைவாக வரைந்தார். ராசிச் சின்னமாக இல்லாமல் தெரிந்த குரங்கு ஒன்றின் முகமாக அது இருப்பதால்தான் கண்கள் அப்படிப் பார்க்கின்றன.

பிறகு சேகரிப்பாளர்கள் கையில் அது தங்கமாகிவிட்டது. 80 தபால்தலைகள் கொண்ட ஒரு முழுத் தாள், ஏலத்தில் பத்து லட்சம் யுவானைத் தாண்டியிருக்கிறது. வெளியான நாளில் அதே தாளின் விலை ஆறு யுவான் நாற்பது ஃபென். அதனால் போலிகளும் ஏராளம். ரோமம் விரலில் தட்டுப்படாமல் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

2016ல் இன்னொரு குரங்கும் வரைந்தாரா?

ஆமாம், 91 வயதில். இரண்டு தபால்தலைகள். ஒன்றில் குரங்கு பீச் பழத்தோடு கொடியில் தொங்குகிறது. இன்னொன்றில் தாய்க்குரங்கின் இரண்டு கன்னத்திலும் இரண்டு குட்டிகள் முத்தமிடுகின்றன. அந்த ஜனவரி 1 முதல்தான் சீனாவில் இரண்டு குழந்தைகள் பெற்றுக்கொள்ளும் அனுமதி நடைமுறைக்கு வந்திருந்தது. உடனே எல்லோரும் அதைக் குடும்பக் கொள்கை விளம்பரமாகப் படித்தார்கள். ஆந்தையில் பகை கண்டவர்களும் குட்டிகளில் கொள்கை கண்டவர்களும் படிக்கும் முறை ஒன்றுதான், இந்த முறை யாருக்கும் அடி விழவில்லை. அஞ்சலகங்களில் வரிசை மட்டும் நீண்டது.

நீல முயலுக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

2023 முயல் ஆண்டு. ஜனவரி 5 அன்று வந்த தபால்தலையில் உடம்பெல்லாம் நீலமான ஒரு முயல், சிவப்புக் கண், மனிதனைப்போல் நிமிர்ந்து ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் தாள், இளிப்பு என்றும் சிரிப்பு என்றும் சொல்ல முடியாத ஒரு வாய். கூடவே இன்னொரு தபால்தலையில் மூன்று முயல்கள் வட்டமாக ஓடும்.

இணையத்தில் 'பேய்முயல்' என்றார்கள். எலி மாதிரி இருக்கிறது, குழந்தை பயப்படுகிறது, 98 வயதுக்காரரிடம் யார் வரையச் சொன்னது என்றெல்லாம் வசை. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. புத்தாண்டு வாழ்த்தாக, சந்தோஷத்துக்காக வரைந்தது, முயல் யாருக்கும் வரைய வரும், எல்லோரும் வரையலாமே என்ற பொருளில் பதில் சொன்னார். திட்டியவர்களும் வாங்கினார்களோ என்னவோ, தபால்தலை வேகமாக விற்றுத் தீர்ந்தது.

என்னைக் கேட்டால், அது அவருடைய சிறந்த படம் இல்லை, ஆனால் அவருடைய படம்தான் என்பதில் சந்தேகமில்லை. புத்தாண்டுச் சந்தையில் தொங்கும் பருத்த கண் பொம்மைகளை நினைத்துக்கொண்டு பார்த்தால் நீலமும் சிவப்பும் உறுத்தாது. அழகுப் பதுமையாக ஒரு வெள்ளை முயலை எதிர்பார்த்தவர்களுக்கு ஃபெங்ஹுவாங் முயல் வந்து நின்றது.

சூ பெய்ஹோங்கின் குதிரைகள், படா ஷான்ரெனின் பறவைகள் ஆகியவற்றோடு இவரை எப்படி ஒப்பிடுவது?

சூ பெய்ஹோங் பாரிஸில் உடற்கூறு கற்று வந்து, ஓடும் குதிரையில் தேசத்தை வரைந்தார். அந்தக் குதிரைகளுக்குக் கடமை உண்டு, பெயர் கிடையாது. ஹுவாங்கின் விலங்குகளுக்குக் கடமை கிடையாது.

படா ஷான்ரென் வேறு. மிங் அரச குடும்பத்தில் பிறந்து, 1644ல் பேரரசு சாய்ந்தபிறகு துறவியாகி, மீனும் பறவையும் வரைந்தவர். அவருடைய பறவைகள் ஒற்றைக் காலில் நின்று, கருவிழியை மேலே ஏற்றி, உலகத்தை வெள்ளை விழியால் முறைக்கும். ஹுவாங்கின் ஆந்தைக்கு உண்மையான தாத்தா அந்தப் பறவைதான் என்று தோன்றுகிறது. வேறுபாடு மனநிலையில். படாவின் பறவை யாரோடும் பேசாது. ஹுவாங்கின் ஆந்தை ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே, நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பார்க்கத்தான்.

'சீனாவின் பிக்காசோ' என்கிறார்களே?

எந்த நாட்டில் ஒருவர் நீண்டநாள் வாழ்ந்து பலவிதமாக வரைந்தாலும் இப்படி ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். விட்டுவிடுங்கள்.

வியாபாரத்துக்காக வரைந்தார் என்ற குற்றச்சாட்டு உண்மையா?

காசு சம்பாதித்தார், மறைக்கவும் இல்லை. 1987ல் ஹூனானின் 'ஜியுகுய்' மதுவுக்குச் சாக்குத்துணியில் முடிச்சுப் போட்ட பை வடிவில் பீங்கான் பாட்டில் வடிவமைத்தார். 'குடிகாரப் பேய்' என்ற பொருள் வரும் அந்தப் பெயரும் அவர் வைத்ததுதான். பெய்ஜிங் புறநகரில் தாமரைக் குளங்களோடு பெரிய வீடு, நாய்கள், புகைக்குழாய், வயதான காலத்தில் ஃபெராரி கார். ஜன்னல் இல்லாத அறையில் இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குளத்தின் அளவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விற்பதற்காகவே வேகமாக வரைந்த தாமரைகளும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படங்களை எங்கே பார்க்கலாம்?

ஹூனானில் ஜிஷௌ பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் கொடுத்த படங்களும் சேகரித்த பொருட்களும் அங்கே உண்டு. அங்கிருந்து ஃபெங்ஹுவாங் பக்கம்தான். பழைய நகரத்தில் ஆற்றோரம் அவருடைய வீட்டையும், நடந்துபோகும் தூரத்தில் ஷென் சொங்வென் கல்லறையையும் பார்க்கலாம். சுற்றுலாக் கூட்டம் அதிகம், விடுமுறை நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

அவருக்கென்று சமாதி தேட வேண்டாம். இரங்கல் கூட்டம் கூடாது, அஸ்தியை யாரும் வாங்கி வைக்கக்கூடாது என்று உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

முதன்முதலாகப் பார்க்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

1980 குரங்கிலிருந்து. சின்னது, எல்லா இடத்திலும் நல்ல பிரதி கிடைக்கும். அப்புறம் ஆந்தைகள், அவற்றில் பழையவை முதலில். மரச்செதுக்குகளை மூன்றாவதாகப் பாருங்கள், அப்போதுதான் ஆந்தையின் சிறகில் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பிடிபடும். ராசிப் படங்களைப் பார்க்கும்போது சீனம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பாதி நகைச்சுவை போய்விடும். நீல முயலைக் கடைசிக்கு வையுங்கள்.